பழைய டிராக்டரின் ஹைட்ராலிக் பம்ப்: பழுதறிதலும் சீர் செய்தலும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதிகளில் செம்மண் புன்செய் நிலங்கள் மிகுதி. ஆத்தூர், இராசிபுரம் பக்கம் மரவள்ளி, திருச்செங்கோடு பக்கம் நிலக்கடலை, காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் கரும்பும் வாழையும் என்று பயிர் எதுவானாலும் உழவுக்கு இன்று டிராக்டரையே நம்பியிருக்கிறோம். புதிய டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் பலர், இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய பழைய டிராக்டரை வாங்கிச் சீர் செய்து வைத்துக்கொள்கிறார்கள். இத்தகைய டிராக்டர்களில் எஞ்சின் நன்றாக ஓடினாலும், கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு அடிக்கடி தொல்லை கொடுப்பதுண்டு.

கோடை மழை பெய்து ஈரம் நிற்பது நான்கைந்து நாட்களே. அந்த நேரத்தில் கலப்பை மேலே எழவில்லையென்றால் பருவமே தவறிவிடும். நிலக்கடலை பறிக்கும் கருவியை ஒரே ஆழத்தில் நிறுத்த முடியாமற்போனால், காய்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். இந்த அவசரத்தில் "பம்ப் போய்விட்டது" என்று யாராவது சொன்னவுடன் பம்பை மாற்றிவிடுகிறோம். பணமும் போகிறது, பழுதும் தீர்வதில்லை. உண்மையில் பழுது பம்பில் இல்லாமல், எண்ணெய்க் குறைவிலோ ஒரு சிறு ரப்பர் வளையத்திலோ இருப்பது உண்டு. ஆகவே முதலில் பழுதை அறிதல், பிறகு பிரித்தல் என்ற முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த அமைப்பு வந்த வரலாறு

டிராக்டருடன் கலப்பையை மூன்று இடங்களில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்ற பொறியாளர். உழவின் இழுவிசைக்கேற்பக் கலப்பையின் ஆழம் தானே சரிப்படும் அவரது முறை 1926ல் காப்புரிமை பெற்றது. 1939ல் ஃபோர்டு நிறுவனத்தின் டிராக்டரில் இது இடம்பெற்றது. 1946ல் இங்கிலாந்தில் டி.இ.20 என்ற சிறிய டிராக்டர் வெளிவந்து உலகெங்கும் பரவியது. அதன் வழிவந்ததே மாஸ்ஸி பெர்குசன் 35. நமது மாநிலத்தில் 1960ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம், இந்த வழிவந்த டிராக்டர்களைத் தயாரித்தது. நம் கிராமங்களில் '1035' என்று அழைக்கப்படும் டிராக்டர் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பழைய டிராக்டர்களில் இவ்வகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விவரங்கள் தரப்படுகின்றன.

அமைப்பும் வேலை செய்யும் விதமும்

பல டிராக்டர்களில் ஹைட்ராலிக் பம்ப் பற்சக்கர வகையைச் சேர்ந்தது. பெர்குசன் வகையில் அப்படியன்று. இதில் நான்கு பிஸ்டன்கள் கொண்ட பம்ப், பின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கி அமர்ந்திருக்கிறது. பி.டி.ஓ. தண்டின் வழியே வரும் சுழற்சி, மையம் விலகிய இரண்டு உருளைகளைச் சுற்றுகிறது. அவை பிஸ்டன்களை இருபுறமும் மாறி மாறித் தள்ளி இழுக்கின்றன. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் எண்ணெய் உள்ளே வர ஒரு வால்வும் வெளியே போக ஒரு வால்வும் உண்டு.

பம்பிலிருந்து வெளியேறும் எண்ணெய், செங்குத்தாக நிற்கும் ஒரு குழாய் வழியாக மேலே ஏறி, லிஃப்ட் மூடியின் அடியிலுள்ள சிலிண்டருக்குச் செல்கிறது. அங்குள்ள பிஸ்டன் தள்ளப்படும்போது தூக்கு கைகள் மேலே எழுகின்றன. இக்குழாயின் இரு முனைகளிலும் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் உள்ளன.

இவ்வகையின் சிறப்பு, கட்டுப்பாட்டு வால்வு எண்ணெய் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதாகும். கலப்பை உரிய உயரத்தில் நிற்கும்போது இவ்வால்வு எண்ணெய் வருவதையே தடுத்துவிடும். பம்ப் சுழன்றாலும் வேலை செய்யாது. தூக்கும் நேரத்தில் மட்டுமே அதற்குப் பளு. இதனால்தான் பல ஆண்டுகள் உழைக்கிறது.

இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, ஹைட்ராலிக் அமைப்பு தூக்குமே தவிரக் கீழே அழுத்தாது. கலப்பை தன் எடையாலும் கொழுவின் சாய்வாலும்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. கலப்பை ஆழமாக இறங்கவில்லையென்றால் கொழு தேய்ந்துள்ளதா, டாப் லிங்க் நீளம் சரியா என்று பார்க்க வேண்டும்; அது பம்பின் குறையன்று. இரண்டாவது, கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். கியர் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் பம்புக்குள் செல்ல வழியுண்டு.

அழுத்தத்தின் மதிப்பு

7 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் முகத்தின் பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர செ.மீ. ஆகும். சதுர செ.மீ.க்கு 140 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் வந்தால் பிஸ்டன் தள்ளும் விசை 5,390 கிலோ. வால்வுக் கசிவால் அழுத்தம் 70 கிலோவாகக் குறைந்தால் விசையும் பாதியாகி 2,695 கிலோ ஆகிவிடும். தூக்கு கையின் நீளத்தால் கலப்பையின் முனைக்கு வந்து சேரும் விசை இதைவிடக் குறைவு. வெறும் கைகள் எழுந்து, கலப்பையை மாட்டியதும் எழாமல் நிற்பதன் காரணம் இதுவே.

பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்பானரை எடுப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு இல்லை.

1. எண்ணெய் அளவு: டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்கு கைகளை இறக்கிய பின் அளவுக்குச்சியைப் பார்க்கவும். டிப்பர் டிரெய்லர் ஓட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். டிரெய்லரின் தூக்கியை நிரப்பும் எண்ணெய் டிராக்டரிலிருந்தே போகிறது. டிரெய்லரைக் கழற்றும்போது அதில் தங்கிவிடும் எண்ணெய் டிராக்டரில் குறையும்.

2. எண்ணெயின் நிறம்: பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது என்று பொருள். சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் தேய்ந்த ஆயில் சீல் வழியாக இது நேரும். நுரை மிகுந்திருந்தால் எண்ணெய் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது எனலாம்.

3. நெம்புகோல்கள்: இவ்வகையில் நிலைக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று, இழுவைக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று என இரு நெம்புகோல்கள் உள்ளன. ஒன்றை மேலே வைத்து மற்றதைக் கீழே விட்டுவிட்டால் கலப்பை எழாது. புதிதாக ஓட்டுபவர்கள் இதையே பழுது என எண்ணிவிடுவார்கள்.

4. கிளட்ச்சும் பி.டி.ஓ.வும்: ஒற்றைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் கிளட்ச்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். இரட்டைக் கிளட்ச் உள்ளவற்றில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பம்ப் ஓடும். முழுவதும் மிதித்தால் இரண்டும் நிற்கும். மிகப் பழைய பெர்குசன் வகைகளில் பி.டி.ஓ. நெம்புகோலைப் போட்டால்தான் பம்ப் சுழலும்.

5. பளு: மரச்சட்டம், கற்கள் எனக் கருவியின் மேல் கூடுதல் எடை வைத்துள்ளோமா என்று பார்க்கவும்.

நோய்க்குறிகளும் காரணங்களும்

அ. எதுவுமே எழவில்லை: மேற்கண்டவை சரியாக இருந்தால், உறிஞ்சும் வழி அடைத்திருக்கலாம், கட்டுப்பாட்டு வால்வு ஒரே இடத்தில் இறுகியிருக்கலாம், அல்லது நெம்புகோலிலிருந்து வால்வுக்குச் செல்லும் இணைப்பு கழன்றிருக்கலாம்.

ஆ. வெறும் கைகள் எழுகின்றன, கருவியுடன் எழவில்லை: பாதுகாப்பு வால்வின் அடியில் தூசி தங்கியிருக்கலாம், அல்லது அதன் வில் தளர்ந்திருக்கலாம். செங்குத்துக் குழாயின் ஓ-ரிங், சிலிண்டர் சீல், பம்ப் வால்வுகள் ஆகியவற்றிலும் கசிவு இருக்கக்கூடும்.

இ. காலையில் நன்றாகத் தூக்குகிறது, வெயிலேறியதும் தளர்கிறது: இது தேய்மானத்தின் அடையாளம். எண்ணெய் சூடேறி மெலிந்ததும், தேய்ந்த இடுக்குகள் வழியாக எளிதில் நழுவிவிடுகிறது. கெட்டியான எண்ணெயை ஊற்றி இதை மறைக்க முயல்வது தற்காலிகத் தீர்வே. அது உறிஞ்சும் வழியில் தடையையும் உண்டாக்கும்.

ஈ. மேலே நின்ற கருவி தலையாட்டுகிறது: எண்ணெய் எங்கோ கசிய, கருவி சிறிது இறங்குகிறது. உடனே பம்ப் அதை மீண்டும் தூக்குகிறது. இவ்வாறு விட்டுவிட்டு ஆடினால் பம்ப் நல்ல நிலையில் உள்ளது. சிலிண்டர் பக்கமே கசிவு என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

உ. எழுந்தது இறங்க மறுக்கிறது: கட்டுப்பாட்டு வால்வு இறுகியிருக்கலாம். வால்வு இறுகாமல் இருக்க அதை இடைவிடாது சிறிதளவு அசைத்துக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பு இவ்வகைப் பம்பில் உண்டு. அது உடைந்தாலும் இக்குறை தோன்றும்.

எஞ்சினை நிறுத்திச் செய்யும் சோதனை

பழுது பம்பிலா, சிலிண்டர் பக்கமா என்று பிரித்தறிய இது எளிய வழி. கலப்பையை முழு உயரத்திற்குத் தூக்கி எஞ்சினை நிறுத்தவும். கலப்பைக்கு ஒரு சாண் கீழே உறுதியான மரக்கட்டைகளை அடுக்கி வைக்கவும். கலப்பை அதிக நேரம் நின்று மெல்ல இறங்கினால் பழைய டிராக்டருக்கு அது குறையன்று. ஓரிரு நிமிடங்களில் கட்டையின் மேல் வந்து அமர்ந்துவிட்டால் சிலிண்டர், குழாய், வால்வு இவற்றுள் ஒன்றில் கசிவு உள்ளது. கலப்பை நன்றாக நிற்கிறது, ஆனால் தூக்கும்போதுதான் திணறுகிறது என்றால் பம்பையும் உறிஞ்சும் வழியையும் சந்தேகிக்கலாம்.

கசியும் இடத்தைக் கண்ணால் காணவும் வழியுண்டு. கலப்பை எழுந்த நிலையில் எஞ்சினை நிறுத்தி, மேற்கூறியபடி கட்டை வைத்து, சில லிட்டர் எண்ணெயை வடித்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறக்கவும். டார்ச் விளக்கின் ஒளியில் பார்த்தால், பளுவின் அழுத்தத்தால் எண்ணெய் எங்கிருந்து பீறிடுகிறது என்று தெரியும். கையை உள்ளே விடக்கூடாது. எஞ்சினை ஓடவிட்டும் பார்க்கக்கூடாது.

பழுது பார்ப்பவரிடம் அழுத்தமானி இருந்தால் லிஃப்ட் மூடியின் மேலுள்ள வெளி இணைப்பில் பொருத்தி அளக்கலாம். இவ்வகை டிராக்டர்களில் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 2,000 பவுண்டுக்கு மேல், அதாவது சதுர செ.மீ.க்கு 140 கிலோவுக்கு மேல் எழும். ஆகவே மானி 250 கிலோ வரை காட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும். சரியான அளவை அந்தந்த டிராக்டரின் கையேட்டில் காண்க.

பம்பைக் கழற்றுதல்

தூசி பறக்காத, சிமெண்டுத் தரையுள்ள இடம் வேண்டும். வயல் ஓரத்தில் இதைச் செய்தல் கூடாது.

1. டிராக்டரின் பின்பகுதியை முழுவதும் கழுவித் துடைக்கவும். கருவியைக் கழற்றித் தூக்கு கைகளை இறக்கவும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிடவும்.

2. எண்ணெய் முழுவதையும் தூய பாத்திரத்தில் வடிக்கவும். வகைக்கேற்ப ஏறத்தாழ 30 லிட்டர் வரும். வடிகால் திருகில் ஒட்டியுள்ள தூளைக் கவனிக்கவும். மாவு போன்ற தூள் இயல்பு. செதில் செதிலாக இரும்போ பித்தளையோ இருந்தால் கியர் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

3. இருக்கை, தூக்குத் தண்டுகள், டாப் லிங்க் ஆகியவற்றைக் கழற்றி, மேலிருந்து செங்குத்துக் குழாயை உருவி எடுக்கவும். ஓ-ரிங் கிழிந்திருந்தால் பழுது இங்கேயே முடிந்துவிடலாம். புதிய வளையம் போட்டுச் சோதித்த பின்பே மேலே செல்ல வேண்டும்.

4. லிஃப்ட் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, செயின் பிளாக் கொண்டு நேராக மேலே தூக்கவும். இது இருவர் கையால் தூக்கும் பளுவன்று. தொங்கும் மூடியின் கீழ் எவரும் கை வைத்தல் ஆகாது. சிலிண்டரைக் கழற்றி அதன் சீலையும் உட்சுவரையும் பார்க்கவும்.

5. பி.டி.ஓ. தண்டைப் பின்புறமாக உருவி, பக்கவாட்டிலிருந்து பம்பைத் தாங்கும் ஊசிகளை நீக்கினால் பம்பை மேலே எடுக்கலாம். எடுக்கும் வரிசை வகைக்கு வகை சிறிது மாறும், கையேட்டைப் பின்பற்றவும்.

பிரித்தலும் பொருத்துதலும்

பம்பைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு பகுதியிலும் அடையாளக் குறி இடவும். எந்த அறையின் வால்வு எது என்பது மாறக்கூடாது. தனித்தனிக் கிண்ணங்களில் வைப்பது நல்லது. மண்ணெண்ணெயில் கழுவி, நூல் உதிராத துணியால் துடைக்கவும். பஞ்சு வேஸ்ட் பயன்படுத்தினால் அதன் இழைகளே பிறகு வால்வை அடைக்கும்.

வால்வு அமரும் இடத்தில் பள்ளம், உடைந்த வில், பிஸ்டனில் நீளவாக்கில் கீறல், சுழலும் உருளைகளில் ஆட்டம், புஷ்களில் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்கவும். கட்டுப்பாட்டு வால்வை எண்ணெய் தடவிச் செங்குத்தாகப் பிடித்தால் தன் எடையிலேயே மெல்ல நழுவ வேண்டும். இறுகினால் உப்புத்தாள் கொண்டு தேய்க்கக்கூடாது. தேய்த்த வால்வு தளர்ந்து கசியும்.

வால்வுகள், வில்கள், வளையங்கள் ஆகியவை மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மாற்றிப் பம்பைக் காப்பாற்றலாம். பிஸ்டன் ஓடும் துளைகளே ஆழமாகக் கீறியிருந்தால் முழுப் பம்பை மாற்றுவதே சிக்கனம்.

பிரித்த பிறகு பழைய ஓ-ரிங்குகளை மீண்டும் போடுதல் கூடாது. திருச்செங்கோடு பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், நாமக்கல்லில் லாரித் தொழிலும் மிகுந்திருப்பதால், சீலும் வளையமும் நமக்கு எளிதில் கிடைக்கின்றன. இது நல்ல வசதியே. ஆனால் கண்ணளவில் பொருந்தும் வளையத்தை வாங்கிவிடக்கூடாது. உள்விட்டம், கனம் இரண்டும் சரியாக இருக்க வேண்டும். எண்ணெயில் ஊறாத ரப்பராகவும் இருக்க வேண்டும். கனம் சிறிது குறைந்தாலும் அழுத்தத்தில் பிதுங்கிக் கிழியும். பழைய வளையம் ஊதிப் பெருத்திருக்கும் என்பதால் அதை மாதிரியாகக் காட்டுவதைவிட, டிராக்டரின் வகையைச் சொல்லி முழு சீல் தொகுதியாக வாங்குவது மேல்.

வளையங்களை எண்ணெயில் நனைத்து, கூர்மையான கருவி படாமல் விரலால் பொருத்தவும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக, கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்கவும். நெம்புகோல் இணைப்புகளின் அளவுகளைச் சரிப்படுத்தத் தனி அளவுகோல்கள் தேவை. இதை மட்டும் அனுபவமுள்ள பட்டறையில் செய்துகொள்வது நல்லது.

ஓட்டிப் பார்த்தல்

புதிய எண்ணெயைத் துருவற்ற புனலில் வலை வைத்து ஊற்றவும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பளு இல்லாமல் பத்து முறை கைகளைத் தூக்கி இறக்கினால் உள்ளிருக்கும் காற்று நீங்கும். மீண்டும் அளவைப் பார்த்து நிரப்பவும். பிறகு சிறு கருவி, அதன் பின் முழுப் பளு என்று படிப்படியாகச் சோதிக்கவும்.

மீண்டும் கெடாமல் காக்க

பம்பின் முதல் எதிரி தூசி. டிப்பர் டிரெய்லரின் இணைப்பு முனை செம்மண் தரையில் கிடந்து, துடைக்காமல் அப்படியே மாட்டப்படும்போது மண் நேரே எண்ணெயில் கலக்கிறது. முனைகளுக்கு மூடி போட வேண்டும். பலருடைய டிரெய்லர்களை இழுப்பவர்கள், அவற்றிலுள்ள எண்ணெய் எத்தகையது என்று கேட்டறிய வேண்டும்.

டிப்பர் முழுவதும் எழுந்த பிறகும் நெம்புகோலை 'தொடர் பம்பிங்' நிலையிலேயே விட்டுவிடுவது மற்றொரு தவறு. எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் பாதுகாப்பு வால்வு திறந்து சீறும், எண்ணெய் சூடேறும், பம்ப் வீணாகத் தேயும். சீறும் ஓசை கேட்டவுடன் நெம்புகோலைத் திருப்பவும். கலப்பையைத் தூக்கிய நிலையில் மேடு பள்ளத்தில் வேகமாக ஓட்டினாலும் சீல்கள் பாதிக்கப்படும்.

உயிருக்கு ஆபத்து

தூக்கிய கருவியின் அடியில் எக்காரணத்தைக் கொண்டும் படுக்கவோ கை நீட்டவோ கூடாது. ஒரு வளையம் கிழிந்தால் கலப்பை கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். மற்றோர் ஆபத்து பலருக்கும் தெரியாதது. ஊசித்துளை போன்ற கசிவிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் கொசுக்கடி போலவே தோன்றும். வலியும் முதலில் குறைவு. ஆனால் சில மணி நேரத்தில் உள்ளே திசுக்கள் அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவை விரலால் தடவிப் பார்க்காமல் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்கவும். எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே சென்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நினைவில் கொள்க

* எண்ணெய் அளவு, நெம்புகோல், கிளட்ச் ஆகியவற்றைப் பார்த்த பின்பே ஸ்பானரை எடுக்கவும்.
* எஞ்சினை நிறுத்திய சோதனை செய்யாமல் பம்பை மாற்ற வேண்டாம்.
* குழாயின் ஓ-ரிங் முதலில், சிலிண்டர் சீல் அடுத்து, பம்ப் கடைசியில்.
* எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய மணி, மாற்றிய உதிரிப்பாகம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்கவும்.

இந்த வேலைகளை உழவு இல்லாத நாட்களில் செய்து முடித்தல் நலம். பங்குனியிலேயே ஒரு முறை சோதித்துவிட்டால் கோடை உழவுக்கும், அடுத்து வரும் ஆடிப்பட்டத்திற்கும் டிராக்டர் தயாராக இருக்கும். மேலும் ஐயம் உள்ளவர்கள் தங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ, சேலம் சந்தியூரிலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையோ அணுகி ஆலோசனை பெறலாம். பழுதைச் சரியாக அறிந்து சீர் செய்தால், பழைய டிராக்டரும் இன்னும் பல பருவங்களுக்கு உழைக்கும்.